கொலைக்களத்தில் அடைக்கலம்

1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் தேதி இரவு, ருவாண்டாவின் ஜனாதிபதி ஜுவெனால் ஹபியாரிமானாவும் அண்டை நாடாகிய புருண்டியின் ஜனாதிபதியும் ஏறிவந்த விமானம், கிகாலி நகரத்தில் இறங்கும் தறுவாயில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றிரவு தொடங்கிய கொலை ஜூலை மாதத்தின் நடுப்பகுதிவரை, ஏறக்குறைய நூறு நாட்கள், ஓயாமல் நடந்தது. மாண்டவர்களின் தொகையை ஐக்கிய நாடுகள் சபை 8 லட்சம் என்று மதிப்பிட்டது; இந்தப் படுகொலையைப் பற்றி 1999இல் விரிவான ஆராய்ச்சி நூல் ஒன்றை வெளியிட்ட சரித்திர ஆசிரியை அலிசன் டெ ஃபோர்ஜ் குறைந்தது 5 லட்சம் என்றார்; ருவாண்டா அரசாங்கமோ 10 லட்சத்துக்கு மேல் என்கிறது. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் டுட்ஸி என்னும் சிறுபான்மையினர். கொலைக்கு உடன்படாத ஹூட்டுக்கள் பலரும் அவர்களோடு சேர்த்துக் கொல்லப்பட்டனர்.

இவ்வளவு பெரிய அழிவைப் பற்றி எழுதியவர்கள் அதன் காரணங்களையும், அதை நடத்தியவர்களின் திட்டங்களையும், வல்லரசுகளின் பாராமுகத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அவையெல்லாம் ஆராயப்பட வேண்டியவையே. ஆயினும், அந்த நூறு நாட்களின் சாட்சியங்களைப் பொறுமையோடு படித்துச் செல்கிறவர்களுக்கு இடையிடையே வேறொரு சரித்திரமும் தென்படும். ஆயுதமில்லாத ஓர் அயல்நாட்டு ராணுவ அதிகாரி, எழுபது வயதை எட்டிய ஒரு கைம்பெண், ஒரு மாவட்ட ஆட்சியாளர், ஓர் அனாதை விடுதியின் தலைவர் முதலிய சிலர் அந்தச் சரித்திரத்தின் பாத்திரங்கள். அவர்கள் கொலையை நிறுத்திவிடவில்லை; நிறுத்தும் சக்தி அவர்களுக்கு இல்லை. அவர்களால் முடிந்தது அதைத் தாமதப்படுத்துவதுதான். இன்று சாக வேண்டியவரை நாளைவரை காத்தார்கள்; நாளை வந்ததும் மறுநாளுக்கு வழி தேடினார்கள். காருண்யம் என்பதை உள்ளத்தின் நெகிழ்ச்சியாகவே எண்ணிப் பழகிய நமக்கு, அது காலத்தைக் கடத்தும் சாமர்த்தியமாகவும், கைக்கு எட்டியதையெல்லாம் கருவியாக்கிக்கொள்ளும் தொழிற்றிறமையாகவும் இருந்திருக்கிறது என்பதை அந்தச் சாட்சியங்கள் உணர்த்துகின்றன. இந்தக் கட்டுரை சொல்ல வந்தது அதைத்தான்.

தாமதத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு ஏற்பட்டது ஏன் என்பதை அறிய, அந்தக் கொலை நடத்தப்பட்ட முறையைச் சிறிது கவனிக்க வேண்டும். அது வெறிகொண்ட கூட்டத்தின் திடீர்ச் சீற்றம் அன்று. சர்க்கார் யந்திரத்தின் எல்லா அங்கங்களையும் கொண்டு நாள்தோறும் நடத்தப்பட்ட காரியம். 1930களில் பெல்ஜிய ஆட்சியாளர் புகுத்திய அடையாளச் சீட்டில் ஒவ்வொருவரும் ஹூட்டுவா, டுட்ஸியா, ட்வாவா என்று குறிக்கப்பட்டிருந்தது. ஒரே மொழியைப் பேசி, ஒரே கோயிலில் தொழுது, ஒரே குன்றின் சரிவில் அடுத்தடுத்துக் குடியிருந்த மக்களைச் சாலைத் தடுப்புக்களில் வாழ்வுக்கும் சாவுக்கும் பிரித்தது அந்தச் சீட்டே. 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்னும் வானொலி டுட்ஸிகளைக் கரப்பான் பூச்சிகள் என்று இகழ்ந்துவந்தது; கொலை தொடங்கிய பின் இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லியே அறிவித்தது. கொலைக்கு அவர்கள் இட்டிருந்த பெயர் ‘வேலை’ என்பது. ஊர்ப் பொதுவேலைக்கு ஆள் திரட்டி வந்த அதே அதிகாரிகள், அதே முறையில், சாலைத் தடுப்புக்கும் இரவுக் காவலுக்கும் ஆள் திரட்டினார்கள். வர மறுத்தவன் துரோகியென்று சந்தேகிக்கப்பட்டான். இவ்வாறு ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருடைய ஒத்துழைப்பையும் வேண்டி நின்ற கொலையில், எங்கே அந்த ஒத்துழைப்பு ஒரு நாள் தடைப்பட்டதோ அங்கே சில உயிர்கள் ஒரு நாள் மிஞ்சின. வடக்கிலிருந்து, அரசாங்கத்தை எதிர்த்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் சேனை போரிட்டு முன்னேறி வந்துகொண்டிருந்தது. ஜூலை 4ஆம் தேதி கிகாலி அதன் வசமாயிற்று. அதுவரை நாட்களை ஒவ்வொன்றாகக் கடத்த முடிந்தவர்களே பிழைத்தவர்கள்.

கேப்டன் ம்பாயே டியாங் செனிகல் நாட்டு ராணுவத்தைச் சேர்ந்தவர். ஐக்கிய நாடுகள் சபையின் படையில் ராணுவப் பார்வையாளராக வந்திருந்தார். பார்வையாளர்களுக்கு ஆயுதம் கிடையாது. அவர்களுடைய கடமை, காண்பதைக் கண்டு அறிக்கை அனுப்புவது. ஏப்ரல் 7ஆம் தேதி காலையில், கொலைக்கு உடன்படாத ஹூட்டு அரசியல்வாதிகளில் முதன்மையானவரும் நாட்டின் பிரதம மந்திரியுமான அகாத் உவிலிங்கியிமானாவை ஜனாதிபதியின் மெய்காவல் படையினர் தேடிப் பிடித்துக் கணவரோடு கொன்றார்கள். அவருக்குக் காவலாக ஐக்கிய நாடுகள் சபைப் படையிலிருந்து அனுப்பப்பட்ட பெல்ஜிய வீரர்கள் பத்துப் பேரும் அன்று கொல்லப்பட்டார்கள். பிரதம மந்திரியின் குழந்தைகள் ஐவரும் அருகிலிருந்த ஐக்கிய நாடுகள் சபை ஊழியர் குடியிருப்பில் ஒளிந்திருந்தனர். செய்தி கேட்டு அங்கே சென்ற டியாங், தலைமையகத்திலிருந்து உதவி வராது என்பதை உணர்ந்ததும், குழந்தைகளைத் தம் காரில் மறைத்து ‘மில் கொலின்’ ஹோட்டலுக்குக் கொண்டு சேர்த்தார். அங்கிருந்து அவர்கள் பின்னர் நாட்டை விட்டே பத்திரமாக வெளியேறினார்கள்.

அந்த ஒரு காரியத்தோடு அவர் நின்றிருந்தாலும் சரித்திரம் அவரை நினைத்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஏழு வாரங்களுக்கு மேல் அவர் செய்ததே என் மனத்தை அதிகமாகக் கவர்கிறது. நகரத்தின் வீதிதோறும் இண்டரஹாம்வே என்னும் கொலைப்படையினர் மரத்துண்டுகளையும் பீப்பாய்களையும் குறுக்கே போட்டு, வெட்டரிவாளும் ஆணி பதித்த தடிகளும் கையெறிகுண்டுகளுமாக நின்றிருந்தார்கள். பலர் காலையிலேயே குடித்திருந்தார்கள். டியாங் ஒளிந்திருப்போர் இருக்கும் வீட்டைத் தெரிந்துகொண்டு, ஒரு தடவைக்கு மூன்று பேர் அல்லது ஐந்து பேர் என்று வண்டியில் ஏற்றி, ஒவ்வொரு தடுப்பிலும் நின்று நின்று கடந்து செல்வார். தடுப்பில் நிற்பவர்களுக்குச் சிகரெட் கொடுப்பார். சில வேளைகளில் பணம் கொடுப்பார். எப்போதும் ஏதேனும் சொல்லிச் சிரிக்கவைப்பார். நாள் தவறாமல் அவரைப் பார்த்துப் பார்த்து அவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். கொலைகாரனோடு பழகுவது எத்தகைய அருவருப்பான காரியம் என்பதை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். அவரோ அந்தப் பழக்கத்தையே கடவுச் சீட்டாக்கிக்கொண்டார்.

பி.பி.சி. நிருபர் மார்க் டாயில் தாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லியிருக்கிறார். விமானத்தை வீழ்த்தியவர்கள் பெல்ஜியர்களே என்று வானொலி தூண்டிவிட்டிருந்ததால், வெள்ளைக்காரர் எவரைக் கண்டாலும் பெல்ஜியர் என்று ஐயுற்றுக் கொல்லத் துணிந்திருந்த சமயம் அது. டியாங்கோடு காரில் சென்ற டாயிலின் பக்கம் ஒருவன் கையெறிகுண்டோடு குனிந்து, இவன் பெல்ஜியனா என்று கேட்டான். டியாங் உடனே, ‘பெல்ஜியன் நான்தான், பார், கறுப்புப் பெல்ஜியன்’ என்கிற கருத்துப்படத் தம் கரிய தோலைக் காட்டிச் சொன்னார். அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பின் இடைவெளியில், இவர் பெல்ஜியர் அல்லர் என்று நயமாகச் சொல்லி வண்டியைக் கடத்திக்கொண்டு போனார். கையை ஓங்கியவன் ஒரு கணம் தன்னை மறந்து மனிதனாகிவிடுகிறான். அந்தக் கணம் முடிவதற்குள் வண்டி நகர்ந்துவிட வேண்டும். இந்தக் கணிப்பை அவர் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தடுப்பிலும், பிழையின்றிச் செய்தார்.

இவையனைத்தும் உத்தரவுக்கு மாறானவை என்பதை இங்கே சொல்ல வேண்டும். சாதாரண மக்களை மீட்கச் செல்லக் கூடாது என்பது பார்வையாளர்களுக்கு இருந்த கட்டளை. படைத்தலைவரான கனடா நாட்டுத் தளபதி ரோமியோ டலேர் டியாங் செய்வதை அறிந்திருந்தும் அவரைத் தண்டிக்கவில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததால் நேர்ந்ததும் நம் கண்முன் இருக்கிறது. கிகாலியின் கிச்சுகிரோ பகுதியிலிருந்த தொழிற்கல்விப் பள்ளியில், ஐக்கிய நாடுகள் சபைக் கொடியின் கீழிருந்த பெல்ஜிய வீரர்களை நம்பி ஏறக்குறைய 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11ஆம் தேதி, அயல்நாட்டவரை வெளியேற்றும் பணிக்காக அந்த வீரர்கள் பள்ளியை விட்டுப் புறப்பட்டுச் செல்ல, வாயிலில் காத்து நின்ற கொலைப்படை உள்ளே புகுந்தது. ஏப்ரல் 21ஆம் தேதி பாதுகாப்புச் சபை 912ஆம் தீர்மானத்தின்படி, சுமார் 2,500 பேர் கொண்டிருந்த படையை 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. மே மாதம் 31ஆம் தேதி, அரசாங்கப் படைத் தலைமையின் செய்தி ஒன்றை டலேருக்காக எடுத்துக்கொண்டு தனியே வண்டியோட்டி வந்த டியாங், ஒரு தடுப்பில் நின்றபோது பின்னால் விழுந்த பீரங்கிக் குண்டின் துணுக்குப் பட்டு மாண்டார். அவருக்கு வயது 36. மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளும் செனிகலில் இருந்தார்கள். அவரால் பிழைத்தவர்கள் சில நூறு பேர் என்று கணக்கிடுவோரும் உண்டு. ஆயிரத்தை எட்டும் என்போரும் உண்டு. ரகசியமாகச் செய்தவர் கணக்கு எழுதி வைக்கவில்லை.

டியாங்குக்கு ராணுவ உடையும் நீலத் தொப்பியும் வாகனமும் இருந்தன. ருவாண்டாவின் மத்தியப் பகுதியில், ருஹாங்கோவை அடுத்த முசாமோ என்னும் கிராமத்தில் வாழ்ந்த ஸூரா கருஹிம்பி என்னும் கைம்பெண்ணுக்கு இருந்தவையோ இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீடும், கொஞ்சம் நிலமும், பச்சிலை மருந்து பற்றிய அறிவும், அந்த அறிவின் காரணமாக அக்கம்பக்கத்தார் கொண்டிருந்த அச்சமுமே. அவளை மந்திரக்காரி என்று ஊர் நம்பியது. சாதாரண நாட்களில் தனித்து வாழும் கிழவிக்கு இத்தகைய பெயர் எவ்வளவு ஆபத்தானது என்பது எந்த நாட்டுக் கிராமத்தாருக்கும் தெரியும். அந்தப் பெயரையே அவள் மதிலாக எழுப்பிக்கொண்டாள். கட்டிலின் அடியிலும் கூரையின் மறைவிலும் தோட்டத்திலுமாக நூறு பேருக்கு மேல், கைக்குழந்தைகள் உட்பட, அவளிடம் ஒளிந்திருந்ததாகப் பிழைத்தவர்கள் கூறுகிறார்கள். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தந்த சிபியின் கதையில் அடைக்கலம் அரசனுடைய தர்மமாக இருக்கிறது. முசாமோவில் அதை ஏற்றுக்கொண்டது, விருந்தினருக்குப் பாய்கூடப் போதாத ஒரு வீடு.

கொலைப்படையினர் வந்தபோது அவள் செய்ததைக் கேட்டால், அதன் நுட்பம் வியப்பூட்டும். தோலில் பட்டால் தாங்க முடியாத அரிப்பை உண்டாக்கும் பச்சிலைகளை அரைத்துத் தன் கைகளில் பூசிக்கொள்வாள். வந்தவர்களைத் தொட்டுப் பேசுவாள். தொட்ட இடம் எரியத் தொடங்கியதும், கை வளைகளையும் கிடைத்த பொருள்களையும் உலுக்கி ஓசை எழுப்பி, உள்ளே அடியெடுத்து வைத்தால் நியாபிங்கி என்னும் ஆவியின் கோபம் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் சூழும், உங்கள் குழியை நீங்களே தோண்டுகிறீர்கள் என்று எச்சரிப்பாள். நேற்றுவரை அண்டை வீட்டாரை வெட்டத் தயங்காதவர்கள் அந்த வாசற்படியில் தயங்கினார்கள், சென்றார்கள், மறுபடியும் வந்தார்கள், பணம் கொடுப்பதாகச் சொல்லிப் பார்த்தார்கள், அவள் மறுபடியும் வளைகளை உலுக்கினாள். ஒவ்வொரு முறையும் கிடைத்தது ஒரே ஒரு நாள். அவளிடம் ஒளிந்திருந்தவர்கள் பின்னாளில் நினைவு கூர்ந்ததும் அப்படித்தான்: அவர்கள் பயந்து போவார்கள், எங்கள் உயிர் மற்றொரு நாளுக்குத் தப்பும் என்று. தனக்கு மந்திர சக்தி எதுவும் இல்லையென்றும், தான் நம்பியது ஒரே கடவுளைத்தான் என்றும், மற்றதெல்லாம் உயிர்களைக் காக்கத் தான் போட்டுக்கொண்ட வேஷமென்றும் அமைதி திரும்பிய பின் அவள் வெளிப்படையாகவே சொன்னாள்.

அவளுடைய துணிவுக்கு முன்வரலாறு ஒன்றும் உண்டு. 1959ஆம் ஆண்டு டுட்ஸிகளுக்கு எதிராக முதன்முதலில் பெருங்கலவரம் மூண்டபோது, இரண்டு வயது மகனைக் காக்க வழியறியாது தவித்த ஒரு டுட்ஸித் தாயிடம், தன் கழுத்து மாலையின் மணிகளை எடுத்துக் குழந்தையின் தலைமயிரில் கட்டச் சொன்னதாகவும், ஆண் மக்களையே தேடிவந்தவர்கள் பெண் குழந்தையென்று எண்ணி விட்டுச் சென்றதாகவும், அந்தக் குழந்தையே பின்னர் ஜனாதிபதியான பால் ககாமே என்றும் அவள் சொல்லிவந்தாள். 2006இல் அவளுக்குப் பதக்கம் அணிவித்தவர் அதே ககாமே. குழந்தை யார் என்பது எவ்வாறாயினும் ஆகுக. மணிகளைக் கூந்தலில் கட்டும் உபாயத்தை அறிந்தவள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பச்சிலையை அரைத்ததில் எனக்கு ஆச்சரியம் தோன்றவில்லை. 2018 டிசம்பரில் அவள் அதே ஊரில் காலமானாள்.

அதிகாரத்தில் இருந்தவர்களுள் தடுத்து நின்றவர்களும் உண்டு. தெற்கிலுள்ள புட்டாரே மாவட்டத்தின் ஆட்சியாளர் ஜான் பாட்டிஸ்ட் ஹபியாலிமானா, அந்தக் காலத்தில் அந்தப் பதவியிலிருந்த ஒரே டுட்ஸி. விமானம் வீழ்ந்ததிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம், சுற்றிலும் நாடே எரிந்துகொண்டிருக்க, தம் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று அதிகாரிகளையும் மக்களையும் அமைதிப்படுத்தி, பெரும் கொலை நிகழாமல் காத்தார். அயல் மாவட்டங்களிலிருந்து அகதிகள் புட்டாரேயை நோக்கி ஓடிவந்தார்கள். ஜனாதிபதி மாண்டபின் அமைந்த தற்காலிக அரசாங்கம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஏப்ரல் 19ஆம் தேதி புதிய ஆட்சியாளரின் பதவியேற்பு விழாவுக்குத் தற்காலிக ஜனாதிபதி சிந்திகுப்வாபோவே நேரில் வந்து, ‘வேலை’ செய்ய விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளட்டும் என்னும் கருத்தில் பேசினார். கொலை உடனே தொடங்கியது. மறுநாள் நாட்டின் முதிய ராணியம்மையாகிய ரோசலி கிகாண்டாவும் கொல்லப்பட்டார். ஹபியாலிமானாவும் குடும்பத்தோடு மாண்டார். ஒரு மாவட்டத்தில் கொலை நடக்க வேண்டுமானால் ஓர் உத்தியோகஸ்தரை நீக்கியாக வேண்டியிருந்தது என்பதும், அதற்கு நாட்டின் தலைவரே பயணம் செய்ய வேண்டியிருந்தது என்பதும் சிந்திக்கத் தக்கவை. ‘ஒரு தனி மனிதன் என்ன செய்துவிட முடியும்?’ என்று நாம் கேட்கிறோம். கொலையைத் திட்டமிட்டவர்கள் அவ்வாறு கேட்கவில்லை. வடக்கே பியூம்பாவைச் சார்ந்த கிட்டி என்னும் வட்டத்தில் தலைவர் எதுவார் செபுஷும்பா தம் மக்களை உறுதியோடு அடக்கி வைத்திருக்க, முன்னணியின் சேனை விரைவில் வந்துசேர்ந்ததும் துணையாயிற்று. அரசாங்கத்தின் பிடியிலிருந்த பகுதிகளில் படுகொலை நிகழாத வட்டம் என்று அது இன்றும் பேசப்படுகிறது.

தாமதம் எல்லோருக்கும் பலித்துவிடவில்லை. ஸாயர் நாட்டின் எல்லையை ஒட்டிய கிசென்யி நகரத்தில், கத்தோலிக்கத் தொண்டு இயக்கம் ஒன்றைச் சேர்ந்த ஃபெலிசிதே நியிதேகெகா ஒரு விடுதியை நடத்திவந்தார். அவர் ஹூட்டு, அவருக்கு ஆபத்தில்லை. இரவு நேரங்களில் பலரை எல்லை கடத்தி அனுப்பினார். ராணுவத்தில் கர்னலாக இருந்த அவருடைய சகோதரர், விடுதியை விட்டு வெளியேறி உயிரைக் காத்துக்கொள்ளும்படி செய்தி அனுப்பினார். தம் பொறுப்பிலுள்ள 43 பேரைக் கைவிட்டுப் பிழைப்பதைவிட அவர்களோடு சாவதையே விரும்புவதாகப் பதில் எழுதினார் ஃபெலிசிதே. ஏப்ரல் 21ஆம் தேதி கொலைப்படை வந்து எல்லோரையும் சவக்குழிக்கு ஏற்றிச் சென்றது. கர்னலின் சகோதரி என்பதற்காக அங்கேயும் அவருக்கு விலகிச் செல்ல வாய்ப்புத் தந்தார்கள், மறுத்தார், சுட்டுக் கொன்றார்கள். பாதுகாக்கும் உபாயங்கள் யாவும் தீர்ந்த பின் அவரிடம் மிஞ்சியிருந்தது, உடன் செல்லும் உறுதி ஒன்றே. ருவாண்டா இன்று ‘இமேனா’ என்னும் வீரர் வரிசையில் பிரதம மந்திரி அகாத்தோடு அவரையும் வைத்துப் போற்றுகிறது.

கொலைகாரரிடமே சென்று கேட்டுப் பெற்றவர்களும் இருந்தார்கள். கிகாலியின் நியாமிராம்போ பகுதியில் டமாஸ் கிசிம்பா நடத்திய அனாதை விடுதியில் குழந்தைகளும் பெரியவர்களுமாகச் சுமார் 400 பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஒளிந்திருந்தார்கள். தம் நாட்டவர் எல்லோரும் போன பின்னும் நகரத்திலேயே தங்கிவிட்ட அமெரிக்கரான கார்ல் வில்கென்ஸ் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டு வருவார். விடுதியைக் கொலைப்படை வளைத்துக்கொண்டதும் உதவி தேடி மாவட்ட அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே எதிர்ப்பட்டவர் தற்காலிக அரசாங்கத்தின் பிரதம மந்திரி ஜான் கம்பாண்டா. வில்கென்ஸ் கைநீட்டித் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, குழந்தைகளைக் காக்க வேண்டுமென்று கேட்டார். கம்பாண்டா உதவியாளரோடு கலந்து, அவர்களுக்கு ஒன்றும் நேராது என்றார், நேரவும் இல்லை. இந்தக் கம்பாண்டாதான் 1998இல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முன் இனப்படுகொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றவர். செஞ்சிலுவைச் சங்கத்தின் கிகாலித் தலைவர் பிலிப் கையார் வேறொரு வழியைக் கண்டார். ஏப்ரல் 14ஆம் தேதி சங்கத்தின் ஆம்புலன்ஸிலிருந்து காயமுற்றோரைக் கீழே இழுத்துக் கொன்றதும், மௌனம் காப்பதையே மரபாகக் கொண்ட அந்தச் சங்கம் செய்தியை உலகுக்கு அறிவித்தது. அவப்பெயருக்கு அஞ்சிய அரசாங்கத்தார், காயமுற்றோரைத் தொடாதீர்கள் என்று வானொலியில் சொல்ல நேர்ந்தது. வண்டிகள் மீண்டும் ஓடின. கொலைகாரனின் கையைப் பற்றிக் குலுக்குவது தர்மமா என்று தூரத்திலிருந்து கேட்பவர்கள், அந்த விடுதியின் கூடத்தில் இருந்தவர்களுடைய இடத்தில் தங்களை வைத்துப் பார்த்துக் கேட்க வேண்டும்.

இப்படிச் சொல்வதால், காத்தவர்கள் எல்லோரும் மாசற்ற மனிதர்கள் என்றோ, கொன்றவர்கள் ஒரு கணமும் இரங்காதவர்கள் என்றோ எண்ணிவிடலாகாது. மில் கொலின் ஹோட்டலில் 1,268 பேர் உயிர் பிழைத்தார்கள். அதன் நிர்வாகி பால் ருசெசபாகினாவை 2004இல் வந்த திரைப்படம் உலகப் புகழுக்கு உயர்த்தியது. அங்கே தங்கியிருந்தவர்களில் சிலரோ அவர் அறைக்குப் பணம் கேட்டார் என்று குறை கூறினர். பின்னாளில் அவர் ககாமே அரசாங்கத்தின் எதிரியாகி, 2021இல் பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, 2023இல் விடுதலையானார். அந்த விசாரணையின் நேர்மையையும் பலர் கண்டித்தார்கள். இந்த வழக்குகளின் புழுதிக்கு நடுவில் எனக்கு மறுக்க முடியாததாகத் தோன்றுவது, அங்கே தங்கியவர்கள் பிழைத்தார்கள் என்பதே. அரசியல் ஆராய்ச்சியாளர் லீ ஆன் ஃபூஜி இரண்டு சிற்றூர்களில் தங்கி விசாரித்து 2009இல் வெளியிட்ட நூல் இன்னும் ஆழமாகச் செல்கிறது. கூட்டத்தோடு இருக்கையில் கொலையில் கலந்துகொண்ட அதே மனிதன், தனியாக இருக்கையில் எதிர்ப்பட்ட டுட்ஸியைத் தப்பிக்க விட்டதையும், அறிந்தவரை வீட்டில் மறைத்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஸ்காட் ஸ்ட்ராஸ் என்னும் ஆராய்ச்சியாளரின் மதிப்பீட்டின்படி கொலையில் ஈடுபட்டவர்கள் 1,75,000 முதல் 2,10,000 பேர் வரை. பெரிய தொகைதான், ஆயினும் வயது வந்த ஹூட்டு ஆடவரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியவர்களில் பெரும்பாலோர் கொல்லவும் இல்லை, காக்கவும் இல்லை. கொலையாளியையும் காப்பவனையும் இருவேறு பிறவிகளாகப் பிரித்துக்கொண்டால் நமக்கு ஆறுதல் கிடைக்கும்; சாட்சியங்கள் அந்த ஆறுதலைத் தருவதில்லை.

அப்படியானால் ஒருவரைக் கதவைத் திறக்கச் செய்வது எது? இதற்கு விடை தேடியவர்களில் ஸாமுவேல் ஒலினர், பேர்ல் ஒலினர் தம்பதியர் முக்கியமானவர்கள். போலந்தில் குடும்பத்தை நாஜிகளுக்குப் பறிகொடுத்துச் சிறுவனாகத் தப்பியவர் ஸாமுவேல். ஐரோப்பாவில் யூதர்களைக் காத்த சுமார் 400 பேரைக் கண்டு பேசி 1988இல் அவர்கள் வெளியிட்ட நூல், தம்மவர் என்னும் வட்டத்தைத் தம் குலத்துக்கு அப்பாலும் விரித்துப் பார்க்கும் பழக்கத்தை வீட்டிலேயே பெற்றவர்கள் காப்பவர்களாயினர் என்றது. அதே பேட்டிகளை ஃபெடரிக்கோ வரேஸேயும் மெயிர் யாயிஷும் 2000இல் மறுபடியும் ஆராய்ந்தபோது வேறொன்று வெளிப்பட்டது: உதவி கேட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் உதவியிருக்கிறார்கள். யாராவது ஒருவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டிருக்கிறார். இந்த முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். வீரம் என்னும் குணத்தைப் பற்றியே பேசிப் பேசி, கேட்டவர்களின் துணிவை நாம் மறந்துவிடுகிறோம். எவர் காட்டிக் கொடுப்பார், எவர் கொடுக்கமாட்டார் என்று ஒரே பார்வையில் நிர்ணயித்து, இருட்டில் ஒரு கதவைத் தட்டிய அந்த அகதியும் காத்தவரைப் போலவே தீரமானவர். இறைவனுடைய வீட்டை நம்பி ஓடியவர்கள் நியாமாட்டாவிலும் ந்தராமாவிலும் கோயிலுக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் மடிந்ததையும், நியாமிராம்போவின் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் தட்டிய கதவு திறந்ததையும் பார்க்கும்போது, கட்டடத்தை நம்பியதைக் காட்டிலும் அறிந்த முகத்தை நம்பியதே அங்கே பலருக்கு உதவியிருக்கிறது.

ருவாண்டாவில் படுகொலை நடந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1997 மார்ச் 18ஆம் தேதி இரவு, நியாங்கே என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்குள் ஆயுதம் தாங்கிய பழைய கொலைப்படையினர் புகுந்து, ஹூட்டு மாணவர்கள் ஒரு பக்கமும் டுட்ஸி மாணவர்கள் மறுபக்கமும் பிரிந்து நிற்கும்படி உத்தரவிட்டார்கள். மாணவர்கள் பிரியவில்லை, தாங்கள் எல்லோரும் ருவாண்டியர் என்றார்கள். கையெறிகுண்டும் துப்பாக்கியும் பேதம் பாராமல் அவர்களைத் தாக்க, இரு வகுப்பினரும் மாண்டார்கள். 1994இல் சாலைத் தடுப்பில் அடையாளச் சீட்டு செய்த வேலையை அந்தப் பிள்ளைகள் தங்கள் வாயால் செய்துகொடுக்க மறுத்துவிட்டார்கள்.

உத்தரவை மீறிய டியாங்கின் செயலுக்கு உலக ஸ்தாபனம் கொடுத்த மறுமொழி மெதுவாகவே வந்தது. 1999 அக்டோபரில் சியரா லியோனுக்கு அனுப்பிய படைக்குத்தான் முதன்முதலாக, உடனடி ஆபத்திலுள்ள குடிமக்களைக் காக்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதித் தரப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஸ்வீடனின் முன்னாள் பிரதம மந்திரி இங்வார் கார்ல்ஸன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ருவாண்டாவில் ஐக்கிய நாடுகள் சபை தவறிவிட்டது என்று அறிக்கை கொடுத்தது. 2000ஆம் ஆண்டில் லக்தர் பிராஹிமி தலைமையிலான குழு, குடிமக்கள் மீது நடக்கும் பலாத்காரத்தைக் கண்ணால் காணும் அமைதிப்படையினர் தங்கள் சக்திக்கு இயன்றவரை அதைத் தடுக்க அதிகாரம் பெற்றவர்களாகவே கருதப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அபூர்வமான தைரியத்துக்கென்று டியாங்கின் பெயரால் ஒரு பதக்கத்தைப் பாதுகாப்புச் சபை ஏற்படுத்தியது 2014 மே மாதத்தில். 2016இல் முதல் பதக்கம் அவருடைய குடும்பத்தாரிடம் அளிக்கப்பட்டது. பதக்கத்தை விட, குடிமக்களைக் காக்கும் அதிகாரத்தைத் தந்த அந்த எழுத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2013 டிசம்பரில் தென் சூடானின் தலைநகரம் ஜுபாவில் இனக் கொலை மூண்டு மக்கள் ஓடிவந்தபோது, அங்கிருந்த ஐக்கிய நாடுகள் சபைத் தளங்கள் வாயில்களைத் திறந்தன; சில நாட்களுக்குள் பல்லாயிரம் பேர் உள்ளே வந்தார்கள்; பின்னர் நாடெங்கும் அத்தகைய முகாம்களில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்கினார்கள். முகாம்களில் பட்டினியும் நோயும் இருந்தன. போர் என்னும் நகரத்து முகாமை 2014 ஏப்ரலில் ஒரு கும்பல் தாக்கிப் பலரைக் கொன்றது. ஆயினும், ஜுபாவில் வாயிலைத் திறந்த அதிகாரிகள் அதற்காக எந்த உத்தரவையும் மீற வேண்டியிருக்கவில்லை.